பவாஸ் காட்டிய இடம்

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, மாத்தளை மாவட்டம் இரத்தோட்டைக்கு மேலேயுள்ள அம்பலமலைத் தோட்டத்தின் மேல் பிரிவில் மண்சரிவு ஏற்பட்டது. தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் தப்பின. ஒருவரைக் காணவில்லை. பெயர் வீரசிங்கம், வயது ஐம்பத்தெட்டு, முன்னாள் குத்துச்சண்டை வீரர்.

செய்தி இரத்தோட்டை பஜாருக்கு இறங்கி வரப் பத்து மணியாகிவிட்டது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் பவாஸ், மழைத்தண்ணீர் கடைக்குள் ஏறாமலிருக்க வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். லொறிக்காரன் ஒருவன் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த மூட்டையை அப்படியே கீழே விட்டார். அவருடைய கல்லாவுக்கு மேலே ஒரு படம் தொங்குகிறது. சிவப்புக் கையுறையோடு வீரசிங்கம் சிரிக்கிறார். பக்கத்தில், கழுத்தில் விசிலும் கையில் நிறுத்துக் கடிகாரமுமாக, இருபது வயதுப் பவாஸ் சிரிக்காமல் நிற்கிறார். கடைக்கு வந்த எவரும் அந்தப் படத்தின் கதையைக் கேட்காமல் தப்பிப் போனதில்லை.

வீட்டில் மனைவி நுஸ்ரா வழிமறித்தாள். “எங்க போறீங்க?”

“கேம்ப்புக்கு.”

“ரோட்டு மூணு எடத்துல ஒடஞ்சி ஈக்கி. ஒங்களுக்கு அம்பது வயசாகப் போகுது. அங்க போய் என்ன செய்யப் போறீங்க, மணி அடிக்கவா?”

“அந்த எடம் எனக்குத்தான் தெரியும் நுஸ்ரா. அவங்க எங்க தோண்டுவாங்க?”

அவள் ஒரு போத்தல் தண்ணீரும் நான்கு பணிஸும் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஏழு கிலோமீற்றர் ஏற்றம். பவாஸ் உடைந்த ரோட்டில் நடந்தாரே தவிர, அவருடைய கால்களுக்குத் தெரிந்தது பழைய ரோட்டுத்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டிலிருந்து பதினொரு வருடம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், விடிவதற்கு முன்னால் மேலே போகிற பால் லொறியில் தொற்றிக்கொண்டு அவர் அந்த வழியே போயிருக்கிறார். கடைப் பொறுப்பு வந்த பிறகு இடைக்கிடை மட்டும்தான். வீரசிங்கம் அப்போது மூன்று தடவை தேசிய சம்பியன். கொழும்பிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். நகரத்தில் இடம் தருகிறோம் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டும் அவர் போகவில்லை. தோட்டம் கைவிட்டுவிட்ட ஒரு கொழுந்து மடுவத்தை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையை, கேட்டு வாங்கி, ஒரு காலத்தில் தன் தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு நின்ற அதே தரையில் பலகை அடித்து, நான்கு மூலைக்கும் மரக்கால் நட்டு, கயிறு கட்டினார். அந்தப் பயிற்சிக்கூடத்தைத்தான் எல்லோரும் கேம்ப் என்றார்கள். கூரை தகரம். மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆகையால் ரவுண்ட் முடிந்ததைச் சொல்லத் தண்டவாளத் துண்டொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதை அடிக்கிற வேலை பவாஸுக்குக் கிடைத்தது. முதல் நாள் வேடிக்கை பார்க்கப் போனவரின் கையில் நல்ல கடிகாரம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். மூன்று நிமிடம் குத்து, ஒரு நிமிடம் ஓய்வு. ஒரு வினாடி பிந்தினாலும் வீரசிங்கம் திரும்பிப் பார்ப்பார்.

“என்னங்க டைம் தொர, மணி கடைக்கா போயிருச்சு?”

தோட்டத்துத் துரைமாருக்குச் சொல்லும் அந்தப் பட்டத்தை ஒரு கடைக்காரப் பொடியனுக்குச் சூட்டிவிட்டு, லயமே சிரிக்கும்படி அவர் சலாம் வைப்பார். ஒரு தடவை குத்துமூட்டைக்குள் மரத்தூள் போதவில்லை என்றதும், பவாஸ் தன் வாப்பாவின் கடையிலிருந்து மிளகுக் கழிவு இரண்டு சாக்கு கொண்டுபோய் நிரப்பினார். முதல் குத்திலேயே தையல் பிரிந்தது. வீரசிங்கம் தும்மினார். பயிற்சிக்கு வந்திருந்த ஆறு பேரும் தும்மினார்கள். கதவருகில் படுத்திருந்த நாய் தும்மிக்கொண்டே தேயிலைக்குள் ஓடியது. “இந்தியாக்காரன், பாகிஸ்தான்காரன் எல்லாரையும் பாத்துட்டேன்,” என்றார் சம்பியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாத்தள மிளகுக்குத்தான் தோத்தேன்.”

பவாஸ் மறக்காத இன்னொன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் ரொட்டியும் கட்டச் சம்பலும். மடுவத்தின் பின்னால் இருந்த அடுப்படியில் சிவப்புத் துணி கட்டிய சட்டி ஒன்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். பன்றி இறைச்சி ஒரு நாளும் படாத சட்டி அது. வீரசிங்கம் தன் கையாலேயே கழுவி வைப்பார். வேறு யாராவது தொட்டால் அடி விழும் என்று சொல்லி வைத்திருந்தார். அது வேடிக்கைப் பேச்சல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பவாஸ் மேலே ஏறிச் சேர்ந்தபோது மடுவம் இல்லை. மலையின் ஒரு தோள் சறுக்கி வந்து அந்தத் தட்டை நிரப்பியிருந்தது. தேயிலைச் செடிகள் வேர் மேலே தெரியக் கிடந்தன. பக்கத்து ஓடை புதுப்பாதையில் பெரும் இரைச்சலோடு ஓடியது. மீட்புக் குழுவில் பன்னிரண்டு பேரும், எப்படியோ கொண்டுவந்து சேர்த்திருந்த, மண் தோண்டும் ஒரு பெக்கோ இயந்திரமும் இருந்தன. குழுவின் அதிகாரி முப்பது வயது தாண்டாதவர். தமிழ் தெரியாது. சுற்றி நின்ற தோட்டத்து ஆட்களிடம் கையைக் காட்டிக் காட்டிக் கேட்டுக் களைத்துப் போயிருந்தார். பவாஸ் சிங்களத்தில் பேசியதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா?”

“என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.”

“கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”

“கிட்டத்தில்தான்,” என்றார் பவாஸ்.

ஆறு வருடமும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தன. 2019 ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, தாடி வைத்தவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனம் காலியாகும் நாட்கள் வந்தன. பவாஸ் பஜாரை விட்டு வெளியே போகவில்லை. பிறகு கொரோனா. அதன் பிறகு பெற்றோல் வரிசை. எல்லாம் ஓய்ந்த பின்னால் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவோம் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் போகாத அந்த வருடங்களில்தான் கேம்ப்பின் கதையை அவர் அதிகம் சொன்னார். சொல்லச் சொல்ல அது தெளிவாகிக்கொண்டே வந்தது.

அதிகாரியின் குறிப்புப் புத்தகத்தை வாங்கி வரைந்து காட்டினார். இது கதவு, இது மூட்டை தொங்கும் வளைமரம், இது ரிங், இது அடுப்படி. “அவர் நாலரைக்கு எழுந்திருப்பார். ஐந்து மணிக்கு ஸ்கிப்பிங் கயிறு அடிக்கத் தொடங்குவார். லைட் போடமாட்டார். மண் விழுந்தது ஐந்து பத்துக்கு. அப்படியானால் மூன்றாவது ரவுண்ட். எப்போதும் கிழக்கு மூலையில்தான் நிற்பார், அங்கேதான் பலகை உறுதி.” கால்களால் அளந்து நடந்து சேற்றில் ஒரு கம்பை நட்டார். “இங்கே.”

அப்போதுதான் மாரியாயி வந்தாள். கீழ் லயத்தில் இருப்பவள், கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். கடைசி நான்கு வருடங்களாக வீரசிங்கத்துக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். தலையில் சாக்கைக் கவிழ்த்து மழைக்குப் பிடித்திருந்தாள்.

“மொதலாளி, மாஸ்டர் இப்ப மடுவத்துல படுக்கிறது இல்லீங்க. எங்க ஆட்டுப்பட்டியிலதான் படுக்கிறாரு. செல நேரம் மடுவத்துப் பக்கம் போவாரு, இல்லேங்கல. ஆனா பட்டிதான்.”

அவள் காட்டிய பக்கம் அறுபது யார் தள்ளி, மண்சரிவின் ஓரத்தில், இரண்டு சபுக்கு மரங்கள் சாய்ந்து நின்றன. அங்கே சேறு அவ்வளவு உயரமில்லை. ஒரு தகரத்தின் விளிம்பு கூடத் தெரிந்தது.

“ஆட்டோட படுக்கிறாரா? மூணு தடவ சம்பியன்?”

“ஆட்டோட படுக்கிறதுல என்னாங்க கொறச்சல்? கதகதப்பா இருக்கும். அவருக்குத் தல ஒரு மாதிரி போயி…”

“இந்தாம்மா, பதினொரு வருஷம் நான் இங்க வந்தவன். அவரு மணி தப்பின ஆள் இல்ல.”

“என்ன சொல்கிறார்?” என்று அதிகாரி கேட்டார்.

“இங்கேதான் இருந்தார் என்கிறார்,” என்றார் பவாஸ்.

அது முழுப் பொய்யுமல்ல. அப்படித்தான் அவர் அப்போது நினைத்தார். பெக்கோ கம்பு நட்ட இடத்தில் இறங்கியது.

தோண்டினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இயந்திரத்தை நிறுத்தி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். ஓடைதான் கேட்டது. வெள்ளிக்கிழமை வெளிச்சம் மங்கும்வரை மண் மட்டும் வந்தது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு முதல் மரக்கால் வந்தது, பவாஸ் வரைந்த இடத்திலேயே. அடுத்து கயிறு. பிறகு தண்டவாளத் துண்டு. பெக்கோவின் பல் பட்டு அது ‘ணங்’ என்று ஒலித்தபோது பவாஸ் தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி அவர் தோளில் தட்டினார். “உங்களிடம் வரைபடம் இல்லை ஐயா, புகைப்படமே இருக்கிறது.”

நுஸ்ரா போன் எடுத்தாள். “கெடச்சாரா?”

“இன்னம் இல்ல. ஆனா எல்லாம் நான் சொன்ன எடத்துலேயே ஈக்கி. ரிங்கு, மணி, எல்லாம். நீ பாக்கணும்.”

“நீங்க சந்தோசமா பேசுற மாதிரி ஈக்கி,” என்றாள்.

பதினொரு மணியளவில் ஒரு சோடிக் கையுறைகள் வந்தன. பவாஸ் ஓடிப்போய் வாங்கிச் சேற்றை வழித்தார். உள்ளே விரலை விட்டவருக்குக் காய்ந்த மண் தட்டுப்பட்டது. குளவி கட்டிய கூடு, பழையது, கல்லாக இறுகியது. பல வருடமாக யாரும் அந்தக் கையுறைக்குள் கை நுழைத்திருக்க முடியாது. பவாஸ் அதை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, மற்றப் பொருட்களோடு கொண்டுபோய் வரிசையாக வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மாரியாயி, எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்தாள். தெரிந்த இரண்டொரு சிங்களச் சொற்களும் அந்நேரம் வாயில் வரவில்லை. தமிழிலேயே கத்தினாள். சபுக்கு மரங்களைக் காட்டினாள், தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள், மறுபடியும் காட்டினாள்.

அதிகாரி பவாஸைப் பார்த்தார்.

“இவருடைய ஆட்டுப்பட்டி அங்கே,” என்றார் பவாஸ். “ஆடுகள் பதினொன்றும் போய்விட்டன.”

“பாவம். நஷ்டஈட்டுக்குக் கிராம சேவகரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.”

பவாஸ் மாரியாயியின் பக்கம் திரும்பினார். ரிங்கின் மூன்றாவது மூலை அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் போதும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

“இது முடிஞ்சதும் அந்தப் பக்கம் பாக்கலாங்கிறாங்க,” என்றார்.

அவள் நம்பினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்ந்த மரங்களுக்குப் பக்கத்தில், ஆட்கள் போகக்கூடாது என்று கட்டியிருந்த நாடாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். இருட்டத் தொடங்கி இயந்திரம் நின்ற பிறகுதான் லயத்துக்கு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மடுவத்தின் தரை முழுவதும் வெளியே வந்தது. கிழக்கு மூலையில் பலகை உறுதியாகவே இருந்தது. அதன்மேல் யாருமில்லை. பாய் இல்லை, போர்வை இல்லை, மாற்றுத்துணி இல்லை. குத்துமூட்டை வளையிலிருந்து எப்போதோ அறுந்து விழுந்திருந்தது. எலிகள் அதைக் குடைந்து குட்டி போட்டிருந்தன. அடுப்படியில் சாம்பல்கூட இல்லை. இடிந்த சுவருக்கடியில் உரச்சாக்குகள் கிடந்தன. ஒரு மனிதன் வாழ்ந்த இடம் போலத் தெரியவில்லை, யாரோ எப்போதோ பூட்டிவிட்டுப் போன இடமாகத் தெரிந்தது.

அதிகாரி தரையையும் பிறகு பவாஸையும் பார்த்தார். “கிட்டத்தில் பார்த்ததாகச் சொன்னீர்களே?”

பவாஸ் வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரியின் போன் அடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டோடு ஐந்து பேர் புதைந்திருந்தார்கள், அங்கே இயந்திரமே போகவில்லை. ஒன்றரை மணிக்குப் பெக்கோ திரும்பி இறங்கியது. இறங்குவதற்கு முன்னால் அதிகாரி பவாஸின் கையைப் பிடித்து, “செய்யக்கூடியதைச் செய்தோம்,” என்றார். ஆட்டுப்பட்டி என்ற சொல்லைப் பவாஸ் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். இயந்திரம் முதல் வளைவைத் தாண்டும்வரை அவர் நின்றார். அதன் பிறகுதான் ஓடினார்.

மாரியாயி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கம்மா? பட்டியில எந்தப் பக்கம்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “பெக்கோ போயிருச்சுங்களா?”

“போயிருச்சு.”

“இது முடிஞ்சதும் பாக்கலாம்னு சொன்னாங்கன்னீங்களே மொதலாளி.”

பவாஸால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாடாவைத் தாண்டிப்போய்க் கையாலேயே சேற்றை வாரத் தொடங்கினார். கீழேயிருந்து நான்கு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். மாரியாயி பக்கத்தில் நின்று, கேட்காமலே, யாருக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அடி வாங்கின தலை, நாலு வருஷத்துக்கு முந்தியே கை நடுங்கத் தொடங்கிருச்சு. மடுவத்துக்குள்ள போனா யாரோ ரிங்குல நிக்கிறான்னு சண்டைக்குப் போவாரு, பயந்துக்கிட்டு வெளிய ஓடி வருவாரு. ஆட்டுக்கிட்டத்தான் அமைதி. காலைல ஏழு மணிக்கு நான் போய் எழுப்பினாத்தான் எழும்புவாரு. அஞ்சு மணியாவது ஒண்ணாவது.

“என்னயப் பத்தி ஏதாச்சும் கேப்பாரா?” என்றார் பவாஸ், மண்வெட்டியை நிறுத்தாமல்.

“யாரையும் தெரியாதுங்க மொதலாளி. என்னயவே அம்மான்னுதான் கூப்புடுவாரு.”

மூன்று மணிக்கு மழை மறுபடியும் பிடித்தது. மேலே புது வெடிப்புத் தெரிகிறது என்று கீழ் லயத்தையும் காலி செய்து எல்லோரையும் பாடசாலைக்கு அனுப்பினார்கள். பவாஸ் போகமாட்டேன் என்றார். இரண்டு பேர் அவரை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். டைம் தொரையைப் பழைய நாளிலிருந்து தெரிந்த ஒருவர் அவர்களில் இருந்தார். அவரும் பிடியைத் தளர்த்தவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பட்டியின் கூரைத் தகரத்தைத் தூக்கினார்கள். தகரம் தீவனத்தொட்டியின் மேல் சாய்ந்து விழுந்து ஒரு ஆள் குந்தியிருக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. இரண்டு ஆடுகள் உயிரோடிருந்தன. வெளிச்சம் பட்டதும் கத்தின. வீரசிங்கம் இடுப்புவரை சேற்றில், தொட்டியில் முதுகு சாய்த்தபடி இருந்தார். இரண்டு கைகளிலும் விரல் மொழிகளின் தோல் உரிந்திருந்தது. தகரத்தில் உள்ளிருந்து வெளியே புடைத்த குழிகள் இருந்தன.

பவாஸ் கைவைத்துப் பார்த்தார். உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

மாலையில் கிராம சேவகர் வாக்குமூலம் எழுதினார். தேடுவதற்கு இடம் காட்டியது யார் என்ற கேள்விக்குப் பவாஸ், “நான்,” என்றார். மொழிபெயர்த்தது யார் என்று அவர் கேட்கவில்லை. மாரியாயியிடம் வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவள், “இனி என்னாங்க சொல்றது,” என்று கைநாட்டு வைத்தாள்.

பிரேத பரிசோதனை செவ்வாய்க்கிழமை நடந்தது. மரணம் நவம்பர் 29ஆம் திகதி சனிக்கிழமை மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் நேர்ந்ததாக அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. வீரசிங்கம் டிசம்பர் 3ஆம் திகதி புதன்கிழமை தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.